ஒரே இடது ஓரம், இரண்டு வேகங்கள்: மோட்டார் சைக்கிளும் மிதிவண்டியும் சாலையைப் பகிர்வதில் என்ன சிக்கல்?

புதுதில்லி: சட்டத்தின் பார்வையில் மோட்டார் சைக்கிள் ஒரு மோட்டார் வாகனம், மிதிவண்டி மோட்டார் வாகனம் அல்ல. ஒன்றுக்குப் பதிவெண், ஓட்டுநர் உரிமம், காப்பீடு, தலைக்கவசம் அனைத்தும் தேவை. மற்றொன்றுக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. ஆனால் நாட்டின் பெரும்பாலான சாலைகளில் இவ்விரண்டுக்கும் கிடைப்பது ஒரே இடம்தான். பேருந்துக்கும் லாரிக்கும் காருக்கும் வழிவிட்டபின் இடது ஓரத்தில் எஞ்சும் சில அடி அகலம் அது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பால்காரரும், 60 கிலோமீட்டர் வேகத்தில் பணிக்கு விரையும் இளைஞரும் அந்தச் சில அடிகளைத்தான் பகிர்ந்துகொள்கின்றனர்.

மோட்டார் வாகனம் அல்லாத வண்டிகளும் பாதசாரிகளும் சாலையைப் பயன்படுத்துவது குறித்து மாநில அரசுகள் விதிகளை வகுக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டதை அடுத்து, நீண்டகாலமாகப் பேசப்படாதிருந்த இந்தச் சிக்கல் மீண்டும் கவனம் பெற்றுள்ளது. மிதிவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடையே சாலையில் என்ன நிகழ்கிறது, சட்டம் என்ன கூறுகிறது, தனிப்பாதைகள் ஏன் பலன் தரவில்லை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

'இருசக்கர வாகனம்' என்பதில் சைக்கிள் உண்டா?

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து அறிக்கையில் 'டூ வீலர்' என்ற தலைப்பின்கீழ் வருபவை மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், மொபெட் ஆகியவை மட்டுமே. மிதிவண்டிக்குத் தனி வரிசை உண்டு. அதைத் தமிழில் 'இருசக்கர வாகனம்' என்று மொழிபெயர்க்கும்போது, இரண்டு சக்கரங்கள் கொண்ட மிதிவண்டியும் அதில் அடங்கிவிட்டதாக வாசகர் எண்ணுவது இயல்பு. செய்தி மேசையில் இந்த வரியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் 'மோட்டார்' என்ற ஒரு சொல்லைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்வி எழுவதுண்டு. சேர்ப்பதே சரி.

அந்த அறிக்கையின்படி 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் மோட்டார் இருசக்கர வாகனங்களில் சென்றோர் 74,897 பேர், அதாவது 44.5 சதவீதம். பாதசாரிகள் 32,825 பேர். மிதிவண்டியில் சென்றோர் மொத்தத்தில் ஏறத்தாழ 3 சதவீதம். 4,800க்கும் மேற்பட்ட உயிர்கள். 2023இல் மொத்த உயிரிழப்பு 1,72,890 ஆக உயர்ந்தது.

இந்த எண்களை வைத்து மிதிவண்டி பாதுகாப்பானது, மோட்டார் சைக்கிள் ஆபத்தானது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஒவ்வொரு வாகனமும் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதைக் கணக்கில் கொள்ளாத எண்கள் இவை. ஒரு செய்தி மட்டும் இவற்றிலிருந்து தெளிவாகிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டுநர், மிதிவண்டியை நெருக்கும் பெரிய வாகனக்காரர் மட்டுமல்லர். லாரிக்கும் காருக்கும் முன்னால் அவரே நெருக்கப்படுபவரும் ஆவார். தகடும் கூரையும் இல்லாமல் சாலையில் செல்லும் இரு தரப்பினர், ஒருவருக்கொருவர் ஆபத்தாகவும் அமைந்துவிடுவதுதான் இந்தச் சிக்கலின் தனித்தன்மை.

சைக்கிள் ஓட்டுபவர்கள் யார்?

நகரங்களில் விலையுயர்ந்த கியர் சைக்கிளும் வண்ண உடையும் அணிந்து அதிகாலையில் செல்வோரே பெரும்பாலும் செய்திப் படங்களில் இடம்பெறுகின்றனர். புள்ளிவிவரங்கள் காட்டும் சித்திரம் வேறு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ பாதி மிதிவண்டி வைத்துள்ளன. மேற்கு வங்கத்தில் இது 79 சதவீதத்தை ஒட்டியும், உத்தரப் பிரதேசத்தில் 75 சதவீதத்தை ஒட்டியும் உள்ளது. அதே ஆய்வில் மோட்டார் இருசக்கர வாகனம் வைத்துள்ள குடும்பங்களும் ஏறத்தாழ பாதிதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மிதிவண்டி சுமார் 45 சதவீதம், மோட்டார் இருசக்கர வாகனம் 21 சதவீதம் என்றிருந்தது. பத்தாண்டுகளில் ஒன்று சிறிதளவு நகர, மற்றொன்று இரண்டு மடங்குக்கும் மேல் பெருகிச் சமநிலைக்கு வந்துள்ளது.

கிராமப்புறங்களில் மிதிவண்டியில் செல்வோரில் பெரும் பங்கு பள்ளி மாணவர்கள். பிகாரில் 2006இல் தொடங்கப்பட்ட முதலமைச்சர் மாணவியர் சைக்கிள் திட்டம், ஊரிலிருந்து தொலைவில் உள்ள உயர்நிலைப் பள்ளிகளில் பெண் குழந்தைகளின் சேர்க்கையை உயர்த்தியதாகப் பொருளாதார ஆய்வாளர்களால் பாராட்டப்பட்டது. மேற்கு வங்கம் 2015இல் 'சபுஜ் சாதி' திட்டத்தைத் தொடங்கி 9 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவ, மாணவியருக்கு மிதிவண்டி வழங்கி வருகிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு விலையில்லா மிதிவண்டித் திட்டத்தை விளக்க வேண்டியதில்லை. அரசுகள் மிதிவண்டியைக் கொடுத்தன. அது ஓடுவதற்கான இடத்தைச் சாலையில் ஒதுக்கவில்லை. இதன் விளைவாக, 14 வயது மாணவி இரண்டு வழி மாநில நெடுஞ்சாலையின் விளிம்பில், பின்னால் வரும் வாகனங்களின் ஓசையை மட்டும் நம்பிப் பள்ளிக்குச் சென்றுகொண்டிருக்கிறாள்.

கடந்து செல்லும் மூன்று நொடிகள்

இரு வண்டிகளுக்கும் இடையிலான ஆபத்தின் பெரும்பகுதி, ஒன்றை மற்றொன்று முந்திச் செல்லும் தருணத்தில் அடங்கியுள்ளது. மிதிவண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்திலும் மோட்டார் சைக்கிள் 45 கிலோமீட்டர் வேகத்திலும் செல்வதாகக் கொள்வோம். வேக வேறுபாடு 30 கிலோமீட்டர். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 8.3 மீட்டர். 30 மீட்டர் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் 3.6 நொடிகளில் மிதிவண்டியை எட்டிவிடும். அதுவே 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 2.4 நொடிகள்தான்.

அந்த 3 நொடிகளில் மிதிவண்டி நேர்கோட்டில் செல்லும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மிதிவண்டியின் இயக்கமே சிறு அசைவுகளால் ஆனது. வேகம் குறையக் குறைய அந்த அசைவு கூடும். பின்னால் எரிவாயு சிலிண்டரோ இருபுறமும் பால் கேன்களோ தொங்கினால் இன்னும் கூடும். இதற்கு மேல், சாலையின் இடது விளிம்பில்தான் மணல் குவிகிறது. மழைநீர் வடிகால் கம்பிகள் உள்ளன. தார் சிதைந்து மண்ணோடு சேரும் கூர்மையான படி உள்ளது. நிறுத்தப்பட்ட காரின் கதவு திடீரெனத் திறக்கிறது. இவற்றில் ஒன்றைத் தவிர்க்க மிதிவண்டி வலப்புறம் ஒன்றரை அடி விலகினால், பின்னால் வரும் பைக் ஓட்டுநருக்கு அது 'திடீரெனக் குறுக்கே வந்த சைக்கிள்' ஆகிவிடுகிறது. முன்னால் உள்ள குழி அவருக்குத் தெரிவதில்லை.

பைக் ஓட்டுநர்களின் குறையும் பொய்யானதன்று. மிதிவண்டியில் பின்புறம் பார்க்கும் கண்ணாடி பெரும்பாலும் இல்லை. வலப்புறம் திரும்ப நினைப்பவர் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்படித் திருப்பும்போது தோளும் கைப்பிடியும் சேர்ந்தே சற்று வலப்புறம் திரும்பிவிடுவது பழகியவருக்கும் நேர்வதே. பலர் பார்க்காமலும் கை காட்டாமலும் திரும்பிவிடுகின்றனர். இருவர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு செல்வது, எதிர்த்திசையில் வருவது, சிவப்பு சிக்னலில் நில்லாமல் கடப்பது ஆகியவையும் அன்றாடக் காட்சிகள்.

ஹாரன் அடித்தால் போதும் என்று கருதும் பழக்கம் இங்கே கைகொடுப்பதில்லை. மிதிவண்டிக்கு மிக அருகில் வந்தபின் எழும் உரத்த ஒலி, ஓட்டுபவரைத் திடுக்கிடச் செய்து, அவர் எந்தப் பக்கம் விலகுவார் என்பதைக் கணிக்க முடியாததாக்குகிறது. சற்றுத் தொலைவிலேயே மெல்ல ஒலி எழுப்பி, வேகத்தைக் குறைத்து, வலப்புறமாகப் போதிய இடைவெளி விட்டுக் கடப்பதே முறை. மின்சார ஸ்கூட்டர்களின் வருகை இதில் புதிய சிக்கலைச் சேர்த்துள்ளது. பின்னால் வண்டி வருவதை இதுவரை எஞ்சின் ஓசையே மிதிவண்டிக்காரருக்கு அறிவித்தது. மின்சார வண்டியில் அந்த அறிவிப்பு ஏறக்குறைய இல்லை.

'போதிய இடைவெளி' என்பது எவ்வளவு? ஜெர்மனி 2020இல் இதற்கு ஓர் எண்ணைச் சட்டத்திலேயே எழுதியது. மோட்டார் வாகனங்கள் மிதிவண்டியைக் கடக்கும்போது நகர்ப்பகுதியில் 1.5 மீட்டர், நகருக்கு வெளியே 2 மீட்டர் விட வேண்டும். மோட்டார் சைக்கிளும் மோட்டார் வாகனம் என்பதால் இது அதற்கும் பொருந்தும். இந்திய விதிகளில் அப்படியோர் எண் இல்லை. நமது சாலைகளில் ஒரு வழித்தடத்தின் வழக்கமான அகலமே 3.5 மீட்டர்தான் என்பதையும், அதே தடத்தில் பேருந்தும் ஆட்டோவும் செல்கின்றன என்பதையும் நினைவில் கொண்டால், 1.5 மீட்டர் விடுவதற்குப் பெரும்பாலான நேரங்களில் பைக் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து மிதிவண்டியின் பின்னால் காத்திருக்க வேண்டியிருக்கும். அரிதாகவே எவரும் காத்திருக்கின்றனர்.

வேகம் குறைவதன் பலனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக் பிடிக்க ஒரு நொடி ஆகிறது என்றும், உலர்ந்த சாலையில் பிரேக் சராசரித் திறனுடன் இயங்குகிறது என்றும் கொண்டால், 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிள் நிற்க ஏறத்தாழ 15 மீட்டர் தேவை. 60 கிலோமீட்டர் வேகத்தில் 44 மீட்டர் தேவைப்படும். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தொலைவு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. 2018இல் மத்திய அரசு திருத்தியமைத்த வேக வரம்புப்படி நகராட்சி எல்லைக்குள் மோட்டார் சைக்கிளின் உச்ச வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். பாதசாரிகளும் மிதிவண்டிகளும் மோட்டார் வாகனங்களுடன் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்சமாக இருக்க வேண்டும் என்று 2020இல் நடைபெற்ற உலக சாலைப் பாதுகாப்பு அமைச்சர்கள் மாநாட்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் கூறுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், 1989ஆம் ஆண்டின் பழைய சாலை விதிகளுக்கு மாற்றாக வந்தன. பாதசாரிகள், மிதிவண்டியில் செல்வோர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் ஓட்டுநர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்று அவை அறிவுறுத்துகின்றன. மிதிவண்டிக்கென ஒதுக்கப்பட்ட பாதையிலும் நடைபாதையிலும் மோட்டார் வாகனத்தை ஓட்டக்கூடாது என்பது பழைய விதியிலும் இருந்தது. எதிர்த்திசையில் ஓட்டுவது, விதிக்குப் புறம்பாக முந்துவது ஆகியவை 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவில் 'ஆபத்தான ஓட்டுதல்' என்ற வரையறைக்குள் வருகின்றன. முதல் குற்றத்துக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

மிதிவண்டிக்காரர் சட்டத்துக்கு அப்பாற்பட்டவர் என்று பொருளல்ல. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆவது பிரிவு, பொதுச்சாலையில் எந்த வண்டியையும் அசட்டையாக ஓட்டி மனித உயிருக்கு ஆபத்து விளைவிப்பதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. 'மோட்டார்' என்ற சொல் அதில் இல்லை.

இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் இனமும் இப்போது உண்டு. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் உள்ள மின்கல வண்டிகள், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. எனவே பதிவும் உரிமமும் தேவையில்லை. பார்வைக்கு ஸ்கூட்டர், சட்டத்துக்குச் சைக்கிள். உணவும் மளிகையும் கொண்டு சேர்க்கும் பணியாளர்கள் பலர் இவற்றைப் பயன்படுத்துகின்றனர். கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றியமைத்து வேகத்தைக் கூட்டி விற்கும் வழக்கம் பரவியதால் 2022இல் மகாராஷ்டிரப் போக்குவரத்துத் துறை இத்தகைய வண்டிகள் மீது நடவடிக்கை எடுத்தது. சைக்கிள் பாதையில் இவற்றை அனுமதிப்பதா என்று சாலையில் நிற்கும் காவலரே முடிவு செய்ய வேண்டிய நிலை உள்ளது.

சைக்கிள் பாதையில் பைக்

இருவரையும் பிரித்துவிட்டால் பிரச்சினை தீருமே என்ற எண்ணம் புதிதன்று. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1962இலேயே சைக்கிள் பாதைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு சாலையில் மணிக்கு 200க்கும் மேற்பட்ட மோட்டார் வாகனங்கள் சென்றால், மணிக்கு 100 மிதிவண்டிகள் சென்றாலே அங்குத் தனிப்பாதை அமைப்பது நியாயமானது என்று அது கூறியது. மணிக்கு 200 மோட்டார் வாகனங்கள் என்பதை இன்றைய எந்த நகரத்துச் சாலையும் அதிகாலையிலேயே தாண்டிவிடும். அந்த அளவுகோலை அப்படியே பின்பற்றியிருந்தால் நாட்டில் இன்று சைக்கிள் பாதை இல்லாத முதன்மைச் சாலையைக் காண்பது அரிதாக இருந்திருக்கும்.

பாதை அமைக்கப்பட்ட இடங்களின் அனுபவம் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. தில்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தொலைவுக்கு 2008இல் திறக்கப்பட்ட விரைவுப் பேருந்துத் தடத்தில், சாலையின் இடது ஓரத்தில் மிதிவண்டிக்கெனத் தனிப்பாதை இருந்தது. பேருந்துகளுக்கு நடுவழி ஒதுக்கப்பட்டதால் கார்களின் வழியில் நெரிசல் கூடியது. அந்த நெரிசலிலிருந்து தப்ப மோட்டார் சைக்கிள்கள் சைக்கிள் பாதைக்குள் புகுந்தன. கார் உரிமையாளர்களின் எதிர்ப்பே அத்திட்டத்தின் கதையாக நினைவில் உள்ளது. 2016இல் அது அகற்றப்பட்டது. அந்தப் பாதையை இழந்த மிதிவண்டிக்காரர்கள் பற்றி அப்போது அதிகம் பேசப்படவில்லை.

பெங்களூருவில் 2020இல் வெளிவட்டச் சாலையில் தூண்களை நட்டு உருவாக்கப்பட்ட தற்காலிக சைக்கிள் தடமும் நிலைக்கவில்லை. 200 கிலோமீட்டருக்கும் மேலான சைக்கிள் பாதைகள் கொண்ட சண்டிகரில்கூட, அவற்றில் மோட்டார் சைக்கிள்கள் செல்வதும் காவல்துறை அபராதம் விதிப்பதும் தொடர்கின்றன.

ஏன் தடுக்க முடியவில்லை? அலட்சியம் ஒரு காரணம். ஆனால் வடிவமைப்பாளர்களை உண்மையில் திணறடிப்பது எளிய அளவுக் கணக்கு. பாதையின் நுழைவில் தடுப்புத் தூண்களை நடும்போது இடைவெளியை எவ்வளவு வைப்பது? வட இந்திய நகரங்களில் மிதிவண்டிப் பாதை என்பது சைக்கிள் ரிக்‌ஷாவுக்கும் சரக்கு ஏற்றும் மூன்று சக்கர சைக்கிள் வண்டிக்கும் உரிய பாதையும்கூட. சென்னையில் மீன்பாடி வண்டி எனப்படுவதன் உறவினர் அது. அதன் அகலம் ஒரு மீட்டரைத் தாண்டும். மோட்டார் சைக்கிளின் கைப்பிடி அகலமோ முக்கால் மீட்டர் அளவுதான். ரிக்‌ஷா நுழையும் எந்த இடைவெளியிலும் பைக் நுழைந்துவிடும். இடைவெளியைக் குறைத்தால் ரிக்‌ஷாவும் சக்கர நாற்காலியும் நின்றுவிடும். மிதிவண்டியில் கேன் கட்டிச் செல்லும் பால்காரரும் நுழைய முடியாது. எனவே தூண்களால் காரைத் தடுக்கலாம், பைக்கைத் தடுக்க முடியாது. எஞ்சுவது கேமராவும் காவலரும்தான்.

இது இந்தியாவின் ஒழுக்கக் குறைவு என்று எண்ணுவோர் நெதர்லாந்தைப் பார்க்கலாம். மிதிவண்டிகளின் நாடான அங்கு, மணிக்கு 25 கிலோமீட்டர் வேக வரம்பு கொண்ட இலகு ரக மொபெட்டுகள் பல ஆண்டுகளாகச் சைக்கிள் பாதையில் செல்லச் சட்டமே அனுமதித்தது. அவை வரம்பை மீறிப் பறந்ததால் எழுந்த புகார்களைத் தொடர்ந்து, ஆம்ஸ்டர்டாம் நகரம் 2019 ஏப்ரலில் தன் பெரும்பகுதியில் அவற்றைச் சைக்கிள் பாதையிலிருந்து வெளியேற்றிச் சாலைக்கு அனுப்பியது; சாலையில் செல்லத் தலைக்கவசத்தையும் கட்டாயமாக்கியது.

வேறு வழியை எடுத்த நாடு மலேசியா. கோலாலம்பூரை ஒட்டிய கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கே தனித்தடம் 1970களில் அமைக்கப்பட்டது. இந்தியாவில் விபத்தில் இறப்போரில் 44 சதவீதத்துக்கு மேல் மோட்டார் இருசக்கர வாகனத்தில் சென்றோர் என்னும்போது, அவர்களுக்கான இடம் பற்றிய கேள்வியும் கேட்கப்பட வேண்டும் என்றே தோன்றுகிறது. பைக் ஓட்டுநருக்கு லாரியின் பக்கத்தில் செல்வதா, காலியாகத் தெரியும் சைக்கிள் பாதைக்குள் புகுவதா என்ற இரண்டே வழிகளை விட்டுவைத்துவிட்டு, அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதை அபராதத்தால் மட்டும் நிறுத்திவிட முடியுமா என்பது ஐயமே.

சைக்கிளுக்குத் தடை

கொல்கத்தா நேர் எதிர்த் தீர்வைக் கையாண்டது. போக்குவரத்து வேகம் குறைகிறது என்ற காரணத்துக்காக அந்நகரக் காவல்துறை பல சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதித்தது. 2013இல் தடை விதிக்கப்பட்ட சாலைகளின் எண்ணிக்கை 174. போராட்டங்களுக்குப் பிறகு அந்தப் பட்டியல் சுருக்கப்பட்டது. நாளிதழ் போடுவோர், பால் விற்போர், வீட்டு வேலைக்குச் செல்வோர் ஆகியோரே அபராதச் சீட்டு பெற்றவர்கள். மிதிவண்டி வைத்துள்ள குடும்பங்களின் விகிதம் நாட்டிலேயே மிக அதிகமாக உள்ள மாநிலத்தின் தலைநகரில் இது நடந்தது என்பது கவனிக்கத்தக்கது. 2020 பொதுமுடக்கத்துக்குப் பின் பேருந்துகளும் ரயில்களும் இயங்காத நிலையில், அதே நகரம் சில சாலைகளில் மிதிவண்டியை மீண்டும் அனுமதித்தது.

இருட்டில்

2017 ஏப்ரல் முதல் விற்கப்படும் மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின் இயங்கும்போதெல்லாம் முகப்பு விளக்கு தானாக எரியும். மிதிவண்டியில் டைனமோ விளக்கு இருந்த காலம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. கைப்பேசியை வாயில் கவ்வியோ கையில் பிடித்தோ வெளிச்சம் காட்டிச் செல்வோரை நெடுஞ்சாலைகளில் காண முடிகிறது. மிதிவண்டிகளில் பொருத்தப்படும் ஒளிப்பிரதிபலிப்பான்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என மத்திய அரசு 2020இல் தரக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. புதிய வண்டிகளுக்கு இது பயன்படும். சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான பழைய வண்டிகளில், பின்சக்கர மட்கார்டில் இருந்த சிவப்புக் கண்ணாடி உடைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேட்டரி விளக்கும் ஒளிரும் நாடாவும் அந்த இடைவெளியை நிரப்பப் போதுமானவை. எதிரே வரும் பைக் 'ஹைபீம்' வெளிச்சத்தைத் தாழ்த்துவதும் அதே அளவு தேவை. கண் கூசிய மிதிவண்டிக்காரருக்குச் சாலையின் விளிம்பு தெரியாது.

மோதல் நேர்ந்தால்?

மோட்டார் சைக்கிள் மோதி மிதிவண்டியில் சென்றவர் காயமடைந்தால், அந்த மோட்டார் சைக்கிளின் கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு அவருக்குப் பொருந்தும். தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையின்றி, 164ஆவது பிரிவின்கீழ் உயிரிழப்புக்கு ரூ.5 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சமும் கோரலாம். தவறை நிரூபித்துக் கூடுதல் இழப்பீடு பெற விரும்பினால் 166ஆவது பிரிவின்கீழ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மனு அளிக்க வேண்டும் என்ற வரம்பு 2022 முதல் உள்ளது. அந்த வரம்பு உச்சநீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. மோதிய வண்டி நிற்காமல் சென்று அடையாளம் தெரியாவிட்டால், உயிரிழப்புக்கு ரூ.2 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.50,000மும் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, மோட்டார் வாகன விபத்தில் காயமடைந்த எவரும் 7 நாட்கள் வரை ரூ.1.5 லட்சத்துக்கு உட்பட்டுக் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். கிராமத்துப் பால்காரர்கள் பலருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. பைக் ஓட்டுநர் கொடுக்கும் ஆயிரம், இரண்டாயிரத்துடன் சமரசம் முடிந்துவிடுகிறது.

மாறாக, மிதிவண்டி குறுக்கே வந்ததால் கீழே விழுந்த பைக் ஓட்டுநரின் நிலை கடினமானது. மிதிவண்டிக்குக் காப்பீடு இல்லாததால் அவர் இழப்பீடு கோர அங்கே காப்பீட்டு நிறுவனம் எதுவும் இல்லை. வண்டி உரிமையாளர் தாமே ஓட்டிச் சென்றிருந்தால், உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் ரூ.15 லட்சம் வரையிலான தனிநபர் விபத்துக் காப்பீடு உதவும். தலைக்கவசத்தின் தேவையும் இங்கேதான் வருகிறது. 2022இல் தலைக்கவசம் அணியாமல் உயிரிழந்தோர் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள்.

மாநிலங்களின் முன் உள்ள கேள்வி

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன் 2012இல் உச்சநீதிமன்றத்தில் தொடர்ந்த பொதுநல வழக்கே சாலைப் பாதுகாப்பு தொடர்பான பல உத்தரவுகளுக்கு மூலமானது. 2014இல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைக்கப்பட்டதும் அவ்வழக்கில்தான். அதே வழக்கில் 2025 அக்டோபர் 7 அன்று நீதிபதிகள் ஜே.பி.பார்திவாலா, கே.வி.விஸ்வநாதன் அமர்வு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவின்கீழ் 6 மாதங்களுக்குள் விதிகளை வகுக்குமாறு மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உத்தரவிட்டது. 2019இல் சேர்க்கப்பட்ட அப்பிரிவு, மோட்டார் வாகனம் அல்லாத வண்டிகளும் பாதசாரிகளும் பொது இடங்களிலும் தேசிய நெடுஞ்சாலைகளிலும் செல்வதை 'ஒழுங்குபடுத்த' மாநிலங்கள் விதி வகுக்கலாம் என்கிறது.

'ஒழுங்குபடுத்துதல்' என்ற அந்தச் சொல்லின்கீழ் ஒரு மாநிலம் மிதிவண்டிக்குத் தனித்தடமும், கடக்கும் இடைவெளிக்கு ஓர் எண்ணும், பள்ளிச் சாலைகளில் 30 கிலோமீட்டர் வரம்பும் கொண்டு வரலாம். கொல்கத்தாவைப் போலத் தடைப் பட்டியல் ஒன்றையும் அதே சொல்லின்கீழ் வெளியிடலாம்.